பேர் பெற்ற கடலுணவு ஓட்டலில் நன்றாகச் சாப்பிட: ஆர்டருக்கு முந்தைய பத்து நிமிடம்

கூட்டம் அலைமோதும் ஒரு கடலுணவு ஓட்டலுக்கு இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சமையலறை, ஒரே சமையல்காரர், பில் தொகைகூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு குடும்பம் "இப்படி ஒரு நண்டு சாப்பிட்டதே இல்லை" என்று வெளியே வருகிறது, இன்னொன்று "இதுக்கா இவ்வளவு கூட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறது. இரண்டு விதமாகவும் நான் வெளியே வந்திருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் ஆர்டர் கொடுப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் இருக்கிறது.

மற்ற ஓட்டல்களில் என்ன சாப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போகலாம். கடலுணவில் அது சரிப்படாது. முதலில் மீன், அப்புறம்தான் அதை எப்படிச் சமைப்பது என்ற பேச்சு. இந்த வரிசையை மட்டும் மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எப்போது போவது என்பதில் தொடங்கலாம். கூட்டம் வரும் கடையைத் தேடிப் போவது சரியான யோசனைதான், காரணம் பேர் மட்டுமல்ல. விற்பனை வேகமாக இருந்தால் சரக்கு தேங்காது, காலையில் வந்த இறால் ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். ஆனால் அதே கூட்டம் சமையலுக்கு எதிரி. மீனின் சதையில் தசை நார்கள் குட்டையானவை, அவற்றைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைவு, அதனால்தான் இறைச்சியைவிட எவ்வளவோ சீக்கிரம் வேகிறது. ஒரு நிமிடம் கூடினால் சாறு வெளியேறிச் சதை வறண்டுவிடும். அடுப்படியில் நாற்பது ஆர்டர் வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு நிமிடத்தை யார் கவனிப்பார்கள்? எனவே கடை திறந்த முதல் அரைமணிக்குள் போய் உட்காருங்கள். எண்ணெய் புதிதாக இருக்கும், சமையல்காரர் நிதானமாக இருப்பார், நீங்கள் கேட்கும் கேள்விக்குச் சர்வர் நின்று பதில் சொல்வார். விடுமுறை நாளில் உச்சநேரத்தில்தான் போக முடியும் என்றால் முன்பதிவு செய்யும்போதே பெரிய மீனையோ நண்டையோ எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள், பல கடைகளில் இதற்குச் சம்மதிப்பார்கள்.

பனிக்கட்டித் தட்டின் முன்னால்

பேர் பெற்ற கடைகளில் பெரும்பாலும் மீனைப் பனிக்கட்டி மேல் பரப்பி வைத்திருப்பார்கள், நண்டும் சிங்கி இறாலும் தொட்டியில் உயிரோடு இருக்கும். மேசையில் உட்காரும் முன் அங்கே போய் நில்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

முழு மீனில் கண் பளிச்சென்று வெளியே புடைத்திருக்க வேண்டும், வெள்ளை படர்ந்து உள்ளே குழிந்திருந்தால் நாளாகிவிட்டது. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பாக இருந்தால் நல்லது, பழுப்பேறியிருந்தால் வேண்டாம். தோல் ஈரமாக மினுங்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும், ஆனால் எல்லாக் கடையிலும் தொட விடமாட்டார்கள், அவர்களையே அழுத்திக் காட்டச் சொல்லலாம்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது மூக்கு. புதுக் கடல்மீனுக்குக் கடல் வாசம் இருக்கும், கவிச்சி இருக்காது. உப்புநீரில் உயிர் வாழ்வதற்காகக் கடல்மீன்கள் உடம்பில் ட்ரைமெத்தில்அமைன் ஆக்சைடு என்ற ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் ட்ரைமெத்தில்அமைன் உண்டாகிறது, நமக்குத் தெரிந்த அந்தக் கவிச்சி வாடை இதுதான். அதாவது வாடை என்பது மீனின் குணம் அல்ல, அது எத்தனை நேரம் காத்திருந்தது என்பதற்கான கணக்கு. எலுமிச்சை பிழிந்தால் வாடை அடங்குவதற்கும் இதுவே காரணம், அந்தப் பொருள் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது, புளிப்பு அதைக் கட்டிப்போட்டுவிடும். ஆனால் வாடை அடங்கினாலும் மீன் புதிதாகிவிடாது. உள்ளே நுழைந்ததுமே கூடம் முழுக்கக் கவிச்சி அடிக்கிறது என்றால், எவ்வளவு பேர் பெற்ற கடையானாலும் நான் திரும்பி வந்துவிடுவேன்.

அடுத்து, கேள்வி கேட்கும் விதம். "மீன் ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்காதீர்கள். அதற்கு இல்லை என்று பதில் சொன்ன சர்வரை நான் இதுவரை பார்த்ததில்லை. "அண்ணே, இன்னைக்கு எது வந்துச்சு? எது நேத்தே வந்தது?" என்று கேளுங்கள். இது அவரைக் குற்றம் சொல்லாத கேள்வி, அதனால் உண்மையான பதில் வரும். "இன்னைக்கு இது எடுங்க, அது வேணாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் பேச்சை அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உறைய வைத்த மீன் என்றாலே முகம் சுளிக்கவும் தேவையில்லை. நடுக்கடலில் பிடித்தவுடன் கப்பலிலேயே உறைய வைத்த மீன், ஐந்து நாள் பனிக்கட்டியில் கிடந்த "புது" மீனைவிட எவ்வளவோ மேல். எங்கேயிருந்தோ வரும் சால்மன், சூரை போன்றவை பலவேளை உறைய வைத்துத்தான் வருகின்றன. மீனைப் பச்சையாகச் சாப்பிடுவதாக இருந்தால் உறைய வைத்திருப்பதே பாதுகாப்பு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் வைத்தால் அதிலுள்ள ஒட்டுண்ணிப் புழுக்கள் செத்துவிடும்.

நண்டு எடுக்கும்போது பருமனைப் பார்க்காமல் கனத்தைப் பாருங்கள். நண்டு வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய புது ஓட்டுக்கு மாறும். அப்படி மாறிய புதிதில் ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை குறைவு, தண்ணீர்தான் அதிகம். ஒரே அளவுள்ள இரண்டு நண்டில் எது கனமோ அதை எடுக்கச் சொல்லுங்கள். அடிப்பக்க மடல் குறுகலாக இருந்தால் ஆண், கொடுக்கில் சதை அதிகம். அகலமாக வட்டமாக இருந்தால் பெண், நண்டுச் சினையை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது. உயிரில்லாத முழு நண்டைச் சமைக்காமல் வைத்திருந்தால் வாங்கவே வேண்டாம், செத்த நண்டு மிக வேகமாகக் கெட்டுப்போகும்.

விலை பேச வேண்டிய இடமும் இதுதான், பில் வந்த பிறகு அல்ல. மெனு அட்டையில் விலைக்குப் பதிலாக "இன்றைய விலை" என்றோ "அளவுக்கு ஏற்ப" என்றோ போட்டிருந்தால் மூன்று விஷயத்தை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா, ஒரு மீனுக்கா? எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? சமையல் கூலி தனியா? ஒருமுறை ஒரு கடையில் அட்டையில் இருந்த எண் முழு மீனுக்கான விலை என்று நினைத்து, ஆறு பேருக்குப் பெரிய மீன் ஒன்றைச் சொல்லிவிட்டோம். அது 100 கிராம் விலை. அதை எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆர்டர் எடுத்தவரும் சொல்லவில்லை. அன்று சாப்பிட்ட மீன் அருமையான மீன், ஆனால் எங்களில் ஒருவருக்கும் அதன் ருசி இன்று நினைவில்லை. அதிலிருந்து என் கண் முன்னால் எடை போட்டு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொன்ன பிறகுதான் தலையாட்டுகிறேன்.

எடையை வைத்துக் கணக்குப் போடும்போது கழிவையும் நினைவில் வையுங்கள். தலையோடு இருக்கும் இறாலை உரித்தால் எடையில் ஏறக்குறைய பாதி போய்விடும். நண்டில் மூன்றில் ஒரு பங்கு சதை தேறினாலே அது நல்ல நண்டு.

யாருக்கு எது, எப்படிச் சமைத்து

மீனை எடுத்தாயிற்று, இனிதான் மெனு அட்டை. மிகப் புதிதாகக் கிடைத்த மீனை ஆவியில் வேகவைக்கவோ கனலில் சுடவோ சொல்லுங்கள், உப்பும் எலுமிச்சையும் போதும். கொஞ்சம் சுமாராகத் தெரிந்தால் மசாலா தூக்கலான வறுவலோ குழம்போ நல்லது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், தொட்டியிலிருந்து உயிரோடு எடுத்த நண்டைக் காரத்தில் முக்கி எடுத்துவிட்டு, நேற்றைய மீனை ஆவியில் கேட்கிறார்கள். கொழுப்புள்ள மீன்களான மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் எல்லாம் சுடுவதற்குப் பிறந்தவை, கொழுப்பு உருகிச் சதையைக் காயவிடாமல் காக்கும். கொழுப்பில்லாத வெள்ளைச் சதை மீனுக்கு ஆவி அல்லது மேல்மாவு போட்ட பொரியல்.

கணவாயைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒன்று இரண்டு நிமிடத்தில் வெந்து இறங்க வேண்டும், இல்லை முக்கால் மணிக்கு மேல் நிதானமாகக் கொதிக்க வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்தான். நெரிசலான நேரத்தில் அதை வறுவலாகக் கேட்பது கொஞ்சம் பந்தயம் மாதிரி.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். செய்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும், நீங்கள் நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பொரித்த கணவாய் ஆறி நமுத்துப்போகும். இரண்டு தவணையாகச் சொல்லுங்கள். முதலில் காரம் குறைந்தவை, பொரித்தவை. அவை பாதி தீரும்போது சுட்ட மீன், நண்டு, குழம்பு, சோறு. "நண்டை நாங்க சொன்னப்புறம் அடுப்புல போடுங்க" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். நண்டு சாப்பிட அரைமணி வேண்டும், பொறுமையும் வேண்டும், அவசரத்தில் இருக்கும் நாளில் அதைத் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முள் எடுத்த துண்டு மீன் அல்லது உரித்த இறால், அதுவும் முதலிலேயே வந்துவிடும்படி சொல்லுங்கள்.

மேசையில் யாருக்காவது இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் அதை ஆர்டரின் முதல் வரியாகச் சொல்லுங்கள். இந்த ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமான ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டில் அழியாது. இறால் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரித்தாலும் ஆபத்துதான், எண்ணெய் தனியா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் ஒவ்வாமை உள்ளவர் அந்தக் கடையில் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன், மார்லின் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்க்க வேண்டும். சின்ன மீனைத் தின்று தின்று நெடுநாள் வாழும் இவற்றின் உடம்பில்தான் பாதரசம் அதிகம் சேர்கிறது.

வேகவைக்காத பச்சைச் சிப்பி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. விப்ரியோ என்ற பாக்டீரியா கடல்நீரிலேயே இயல்பாக இருப்பது, சுத்தமான கடைதான் என்பதால் அது இல்லாமல் போகாது. எலுமிச்சையோ மிளகாய்ச் சாஸோ அதைக் கொல்லாது. வேகவைத்த சிப்பி எவ்வளவோ ருசியாகக் கிடைக்கிறது.

தட்டு வந்த பிறகு

முழு மீனைப் புரட்டிப் போட்டுக் குத்திக் கிளறினால் முள்ளெல்லாம் சதையில் கலந்துவிடும். ஒரு கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை மீனின் நடுவில் ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டின் மேலேயே கரண்டி விளிம்பால் நடுமுள் தட்டும்வரை அழுத்திக்கொண்டு போங்கள். மேல்பாதிச் சதையை முதுகுப் பக்கம் தள்ளுங்கள், கீழ்ப்பாதியை வயிற்றுப் பக்கம் தள்ளுங்கள், இரண்டும் முழுசாகக் கழன்று வரும். முதுகோரமும் வயிற்றோரமும் சின்ன முட்கள் இருக்கும், அவற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குங்கள். இப்போது வாலைப் பிடித்து மெல்லத் தலைப் பக்கமாகத் தூக்கினால் நடுமுள் சீப்பு மாதிரி மொத்தமாக எழுந்துவரும். அடியில் இருக்கும் இன்னொரு பாதி ஒரு முள் தொடாமல் உங்களுக்காகக் காத்திருக்கும். சரியாக வெந்த மீன்தான் இப்படி இலகுவாகக் கழலும், சதை முள்ளோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வேகவில்லை, தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். தலையை எறிந்துவிடாதீர்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் காசு அளவுக்கு ஒரு சதைத் துண்டு இருக்கும், செவுளுக்குப் பின்னால் கழுத்துப் பகுதியில் இன்னும் கொஞ்சம். மீனிலேயே மிருதுவான இடங்கள் இவைதான், மேசையில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவருக்கு எடுத்துக் கொடுங்கள்.

நண்டைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினால் ஓட்டுச் சில்லு சதைக்குள் போய்ப் பல்லில் கடிபடும். முழுசாக வந்தால் மல்லாக்கப் போட்டு வயிற்று மடலைப் பிடித்து இழுத்து எடுங்கள், அந்த இடுக்கில் கட்டைவிரலை விட்டு மேல் ஓட்டைக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இறகு மாதிரி இருப்பது செவுள், அதைப் பிய்த்து எறியுங்கள். ஓட்டில் தங்கியிருக்கும் மஞ்சள் பழுப்புக் குழம்பு நண்டின் கல்லீரல் மாதிரியான உறுப்பு. ருசி அபாரம்தான், ஆனால் நச்சுப்பொருள் சேர்வதும் அங்கேதான், தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள். உடலை இரண்டாக ஒடித்துக் காலைத் திருகி இழுத்தால் காலடியில் உருண்டையாகச் சதை சேர்ந்து வரும். கொடுக்கில் அசையும் விரலைப் பின்பக்கமாக வளைத்து மெதுவாக உருவுங்கள், உள்ளேயிருக்கும் தட்டையான எலும்பு மாதிரித் தகடும் கூடவே வந்துவிடும், அப்புறம் கொடுக்கை ஒரே தட்டு, சதை முழுசாக. மெல்லிய கால்களிலிருந்து சதை எடுக்கக் கரண்டி வேண்டாம், இன்னொரு காலின் கூர்முனையே போதும்.

இறால் வளைந்திருக்கும் விதத்திலேயே சமையல் தெரிந்துவிடும். லேசாக வளைந்து நின்றால் பதம். தலையும் வாலும் தொட்டு வட்டமாகச் சுருண்டிருந்தால் அதிகம் வெந்துவிட்டது. முதுகில் கறுப்பாக ஓடுவது அதன் குடல், பெரிய இறாலில் அதை எடுக்காமல் பரிமாறினால் சமையலறையில் அவசரம் என்று அர்த்தம், சொல்லிக் காட்டுங்கள்.

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் கடித்ததும் மிளகு கடித்த மாதிரி நாக்கில் சுள்ளென்று இருந்தால், அது மசாலாவில் வந்த காரமில்லை என்று தோன்றினால், அத்தோடு நிறுத்திவிடுங்கள். சரியாகக் குளிரில் வைக்காத மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்திருக்கலாம், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு வந்தால் மருத்துவரிடம் போங்கள், மேசையில் மற்றவர்களையும் அதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். தொண்டையில் முள் சிக்கினாலும் அதேபோல, சோற்றை உருட்டி விழுங்கிப் பார்க்காதீர்கள், முள் இன்னும் ஆழமாக இறங்கலாம். இருமிப் பார்த்தும் வரவில்லையென்றால் நேரே மருத்துவமனை.

குறை இருந்தால் முதல் வாயிலேயே சொல்லுங்கள். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டுச் சொன்னால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நல்ல கடைகள் சொன்ன உடனே மாற்றிக் கொடுத்துவிடும், கோபப்பட வேண்டிய அவசியமே வராது. நன்றாக இருந்தாலும் சொல்லுங்கள், "இது யார் செஞ்சது?" என்று கேட்டுச் சமையலறைக்குச் சொல்லி அனுப்புங்கள். பகல் முழுக்க நெருப்பின் முன் நிற்கிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

மிச்சம் இருந்தால் குழம்பையும் சுட்ட மீனையும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், பொரித்ததை அங்கேயே தீர்த்துவிடுங்கள், வீட்டுக்குப் போவதற்குள் நமுத்துவிடும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் கொளுத்தும் நாளானால் ஒரு மணி நேரத்துக்குள், அது ஃபிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். அடுத்து எங்கோ படம் பார்க்கவோ உறவினர் வீட்டுக்கோ போகிறீர்கள் என்றால் கட்டவே வேண்டாம். கை வாடை போகாமல் அடம்பிடித்தால் சோப்புக்கு முன்னால் எலுமிச்சை மூடியால் விரல் நகங்களின் இடுக்குவரை தேய்த்துவிட்டுக் கழுவுங்கள்.